ஐ5-2400 கணினிக்கு ஆர்எக்ஸ் 6400 கிராபிக்ஸ் கார்டு பொருந்துமா?

வணக்கம். ஒல்லியான பெட்டி, 240 வாட் பவர் சப்ளை, உள்ளிருக்கும் கார்டு எதுவென்றே தெரியவில்லை, விண்டோஸ் ‘அடிப்படை டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று மட்டும் காட்டுகிறது என்கிறீர்கள். அது கார்டின் பெயரல்ல. சரியான டிரைவர் இல்லை என்று பொருள். டிவைஸ் மேனேஜரில் அதன் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். தயாரிப்பாளர் எண் 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல், 10DE என்றால் என்விடியா. அடுத்துள்ள டிவைஸ் எண்ணை இணையத்தில் தேடினால் மாடல் தெரிந்துவிடும்.

ஆர்எக்ஸ் 6400-ஐ விட்டுவிடுங்கள். அதற்கு 4 பிசிஐஇ லேன்கள்தான், அதாவது கணினியோடு தரவு பரிமாற நான்கே பாதைகள். உங்கள் பிராசஸரோ வேகம் குறைந்த பழைய பிசிஐஇ 2.0 காலத்தது. கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும், இந்தக் குறுகிய பாதையால் விளையாட்டு திணறத் தொடங்கும்.

வீடியோ பார்க்க மட்டும் என்றால் என்விடியாவின் ஜிடி 1030 கார்டு தாராளம். ஆனால் கார்டின் அட்டைப்பெட்டியில் நினைவக வகை ஜிடிடிஆர்5 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். அதன் நினைவக வேகம் விநாடிக்கு 48 ஜிபி. டிடிஆர்4 வகையில் சுமார் 17 ஜிபிதான். இரண்டுக்கும் ஒரே பெயர், அடாவடிதான்!

விளையாட்டும் வேண்டுமென்றால் ஒல்லியான பெட்டிக்கேற்ற அரை உயர (லோ புரொஃபைல்) ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என் தேர்வு. 75 வாட் கார்டு. தனி மின்கம்பி கேட்காத மாடலாகப் பார்த்து எடுங்கள். பழைய சிப்பில் புதுப் பெயர் ஏற்றிய போலிகள் உலவுவதால், பழைய கார்டு வாங்கினால் ஜிபியு-இசட் மென்பொருளில் சோதித்த பிறகே பணம் கொடுங்கள். கார்டைப் பெட்டியில் பொருத்தும் அரை உயரப் பிராக்கெட் கூடவே வருகிறதா என்றும் கேளுங்கள்.