இரண்டாம் வகுப்புப் பையன் மதியச் சாப்பாட்டைப் பாதிக்கு மேல் திருப்பிக் கொண்டுவருகிறான், இடைவேளைக்குச் சிப்ஸ்தான் கேட்கிறான். ஆரோக்கியமாக என்ன கொடுத்து அனுப்பலாம்?

நான் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை. என் மகள் படிப்பது ஒரு தனியார் பள்ளியில். ஒன்றாம் வகுப்பில் அவளுக்கும் தினமும் முக்கால் டப்பா திரும்பி வரும். அதே வயசுப் பிள்ளைகள் என் பள்ளியில் சத்துணவுத் தட்டை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து இந்த டப்பாவைத் திறந்தால் மனசே விட்டுப்போகும். சமையலில்தான் குறை என்று நினைத்து நெய், முந்திரி என்று கூட்டிக்கொண்டே போனேன். ஒருநாள் மடியில் உட்கார வைத்துக் கேட்டபோதுதான் சொன்னாள், டப்பா மூடியை அவளால் திறக்க முடியவில்லையாம். மிஸ்ஸிடம் கேட்கப் பயமாம். பக்கத்துப் பிள்ளை திறந்து கொடுக்கிற நாளில் மட்டும் சாப்பிட்டிருக்கிறாள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

அதனால் முதலில் மூடியை உங்கள் பையன் கையால் திறக்கச் சொல்லிப் பாருங்கள். சாப்பிட எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்றும் கேளுங்கள். கை கழுவ வரிசையில் நிற்கும் நேரம் போக, என் மகளுக்குக் கால் மணி நேரம்தான் மிஞ்சியது. குழம்பைப் பிசைந்து சாப்பிட அது போதாது. டப்பாவைச் சின்னதாக மாற்றி, பிசையத் தேவையில்லாத சாதமாகக் கொடுத்தேன். காலி டப்பா வர ஆரம்பித்தது.

என்ன சாதம் என்று கேட்டால், நான் சத்துணவுப் பட்டியலைப் பார்த்துத்தான் செய்கிறேன். கொண்டைக்கடலை புலவு, கறிவேப்பிலை சாதம், தக்காளி சாதம், கூடவே மிளகு முட்டை. எம்.ஜி.ஆர். 1982-இல் திட்டத்தைத் தொடங்கிய காலத்துச் சாதமும் சாம்பாரும் இப்படிக் கலவை சாதங்களாக மாறிய பிறகு பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவதை நேரில் பார்க்கிறேன். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை சாப்பிடாத வீடு என்றால் சுண்டலோ பயறோ கட்டாயம் இருக்கட்டும். சுண்டலோடு எலுமிச்சை சாதம் வைத்தால் இன்னும் நல்லது, எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி பயறின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடுகிறது என்றால், சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டுக் கலந்து கொடுங்கள். எதுவானாலும் சூடு ஆறிய பிறகு மூடுங்கள். ஆவி உள்ளேயே வியர்த்து, சாதம் சீக்கிரம் கெட்டுவிடும்.

சிப்ஸ் விஷயம் கொஞ்சம் கஷ்டம்தான், பக்கத்துப் பையன் கொண்டுவருவதைப் பார்த்துத்தான் கேட்கிறான். பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள பண்டங்களை விற்கக்கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. ஆனால் வீட்டு டப்பாவை அந்த விதி பார்க்காது, நாம்தான் பார்க்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். பெரும்பாலும் மைதா, சர்க்கரை, பாமாயில் என்றுதான் இருக்கும். நான் கொடுப்பது கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கொய்யாத் துண்டு, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தை மாதம் பனங்கிழங்கு. பக்கத்துப் பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு துண்டு கூடுதலாக வைப்பேன். இப்போது அந்தப் பிள்ளை வீட்டிலும் எள்ளுருண்டை செய்கிறார்களாம்.

அப்புறம், காலைச் சாப்பாடு. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிவாவதற்கு முன்னால், பத்தரை மணிக்கே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். வயிற்று வலி என்பார்கள், பசி என்று சொல்லத் தெரியாது. இப்போது உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ சாம்பாரோடு சாப்பிட்டுவிட்டு உட்காருகிறார்கள், அந்த வலி காணாமல் போய்விட்டது. உங்கள் பையன் காலையில் வெறும் பாலோடு கிளம்புகிறான் என்றால், இடைவேளையில் அகப்பட்டதைத் தின்று பசி அடங்கி, மதியம் டப்பாவை மூடிவிடுவான். ஒரு வாரம் இரண்டு இட்லி கொடுத்து அனுப்பிப் பாருங்கள். டப்பா எப்படித் திரும்பி வருகிறது என்று இங்கேயே சொல்லுங்கள், மேற்கொண்டு யோசிக்கலாம்.