சிவப்பு மியாட்டாவை மாற்றுவதா? – வாசகர் கேள்வி, கராஜ் பதில்

கேள்வி: வணக்கம் அண்ணை. என்னட்டை 1994 மஸ்டா மியாட்டா ஒண்டு நிக்குது. கூரை திறக்கிற ரெண்டு சீற்றுக் கார். சிவப்பு, 1.8 லீற்றர், கியர் கார். 2009இல வாங்கினது, இப்ப 218,000 கிலோமீற்றர். கதவுக்குக் கீழை, பின் சில்லுக்குக் கிட்ட, ரெண்டு பக்கமும் கறள் பொங்கிப் பெயின்ற் கிளம்பி நிக்குது. வெட்டி ஒட்டுறதுக்கு 4,200 டொலர் கேக்கினம். இதுக்கிடையிலை ஒரு கார் விக்கிற இடத்திலை 2006 ஹொண்டா எஸ்2000 ஒண்டைக் கண்டிட்டன். 36,000 சொல்லுகினம். என்ரயை 3,000க்கு எடுத்துக் கழிக்கிறம் எண்டுகினம். மனிசி ரெண்டையும் விட்டிட்டு ஒழுங்கான கார் ஒண்டு வாங்கச் சொல்லுறா. வயசு 44. மாத்திறதோ, வைச்சிருக்கிறதோ?
– மியாட்டாக்காரன், மார்க்கம்

பதில்: தம்பி, இரண்டு காரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். மியாட்டாவைக் கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அது தெரியாமல் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. ஆசிரியரிடம் உங்கட நம்பரை வாங்கி எடுத்துக் கேட்டேன். "போன வருசம் முழுக்க ஒரு 900 கிலோமீற்றர் வரும் அண்ணை" என்றீர்கள். ஏன் அவ்வளவு குறைய என்று கேட்டதற்கு, மழைக்குள் இறக்கினால் கறள் கூடிவிடும் என்று பயம் என்றீர்கள். மிச்சம் எழுதுவதெல்லாம் அந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டுதான்.

எஞ்சினைப் பற்றி நீங்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. அந்த 1.8 அப்படிப்பட்டது. ரைமிங் பெல்ற், அதாவது வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் பட்டி, எப்போது மாற்றினது என்று மட்டும் பாருங்கள். 96,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும், மாற்றும்போது தண்ணிப் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அறுந்தாலும் இந்த எஞ்சினில் வால்வு போய்ப் பிஸ்ரனில் இடிக்காது. றோட்டுக்கரையில் நிற்கவேண்டி வரும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலம், மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்புவது, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. புகை ஒழுங்கை முழுக்க நிற்கும், எஞ்சின் ஓடும். என் கராஜில் செத்த கார்கள் எஞ்சினால் செத்தவை அல்ல. பண்ணைப் பாலத்தால் நாளாந்தம் தீவுப்பக்கம் போய்வந்து, உப்புக்காற்றில் அடித்தகரம் உக்கிப் போனவை. மார்க்கத்தில் கடல் இல்லை. இங்கே பனியைக் கரைக்க உப்பை லொறியில் கொண்டுவந்து றோட்டில் கொட்டுகிறார்கள்.

ஆனால் உங்கட காரில் கறள் வந்த வழி றோட்டு உப்பு மட்டும் அல்ல. மழைக்குப் பயந்து உள்ளே விட்டிருக்கிறீர்களே, அந்த மழை எங்கே போகிறது என்று ஒருநாள் பார்த்தீர்களா? துணிக்கூரையில் விழும் தண்ணீர் வழிந்து சீற்றுக்குப் பின்னாலுள்ள பீலியில் சேரும். இரண்டு பக்கமும், சீற்பெல்ற் வரும் தூணுக்குப் பின்மூலையில் ஒரு ஓட்டை உண்டு. அதிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கி, பின் சில்லுக்குச் சற்று முன்னால் தண்ணீரை வெளியே விடும். அந்தக் குழாய் அடைத்தால் தண்ணீர் ரொக்கர் பனலுக்குள், அதாவது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரத்துக்குள், இறங்கி அங்கேயே நிற்கும். உள்ளுக்குள்ளிருந்து தின்று கொண்டு வந்து, கடைசியாகத்தான் பெயின்றைக் கிளப்பும். நீங்கள் வெளியில் காணும் பொங்கின பெயின்ற், இந்தக் கதையின் முடிவு.

இந்தச் சனிக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். கூரையைப் பாதி திறந்து, அந்த மூலை ஓட்டைக்குள் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். மகனையோ மனைவியையோ பின் சில்லுக்குக் கிட்டக் குந்தியிருந்து பார்க்கச் சொல்லுங்கள். கடகடவென்று விழுந்தால் நல்லது. சொட்டுச் சொட்டாக வந்தால், அல்லது ஊற்றினது திரும்பி மேலே நின்றால், அடைப்பு. முன்பு ஒரு 1992 மியாட்டாவின் குழாயை நான் சுத்தம் செய்தபோது உள்ளேயிருந்து வந்தவை: மேப்பிள் இலைச் சக்கை ஒரு கை நிறைய, பென்சில் துண்டு ஒன்று, கோயிலில் மடித்துக் கொடுக்கும் விபூதிப் பொட்டலம் ஒன்று. பொட்டலம் அவிழாமலே இருந்தது.

குழாயைப் பார்த்தபின் ஒரு ஸ்குறூ டிறைவரை எடுத்து, அதன் கைபிடியால் ரொக்கர் பனலை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல தகரம் "டங்" என்று சொல்லும். உக்கின இடத்தில் சத்தம் செத்துப் போகும், நனைந்த மட்டையைத் தட்டினமாதிரி. பொங்கின இடத்தில் மட்டும் செத்த சத்தம் என்றால் வெளித்தகரம்தான் போயிருக்கலாம். அது கதவின் நடுவரைக்கும் நீண்டால் உட்சுவரும் போயிருக்கக் கூடும். அப்போது காரை உயர்த்திக் கீழே பார்க்காமல் ஒன்றும் சொல்லமுடியாது. தகரக் கூரை இல்லாத கார் தம்பி இது. மற்றக் கார்களில் கூரையும் தூணும் சுமக்கிற பாரத்தை இதில் இந்த இரண்டு பெட்டித் தகரமும்தான் சுமக்கின்றன. ஜக்கில் ஏற்றி வைத்துக் கதவைத் திறந்து பூட்டிப் பாருங்கள். இறுகினால், அல்லது கதவிடுக்கு மேலே அகன்றோ ஒடுங்கியோ தெரிந்தால், கார் நடுவில் வளைகிறது என்று அர்த்தம்.

4,200 கேட்டவரிடமும் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: "வெட்டினபிறகு, மூடுறதுக்கு முதல், உள்ளுக்கை படம் எடுத்துத் தருவீங்களோ?" ஓம் என்றால் அந்த விலை இரண்டு பக்கமும் பெயின்றும் சேர்த்து நியாயமான விலை. இழுத்தால், பொங்கினதைத் தேய்த்து மேலே பற்றுப் பூசி உங்களிடம் தரப்போகிறார். இரண்டு குளிர்காலத்தில் திரும்ப வரும்.

இப்போது ஹொண்டா. அதைக் குறைத்துச் சொல்ல என் வாய் வராது. ஒரு வாடிக்கையாளரின் எஸ்2000ஐ வேலை முடித்து ஓடிப் பார்த்திருக்கிறேன். கியர்த்தடி ஒரு விரல் நீளம்கூட நகராது, மாற்றினது மணிக்கட்டுக்கு மட்டும் தெரியும். 1999இல் வந்த முதல் கார் 2 லீற்றரில், காற்றை அடித்து ஏற்றும் ரேர்போ ஒன்றும் இல்லாமல், நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போய் 240 குதிரைவலு கொடுத்தது. 2006இல் இங்கே விற்றது 2.2 லீற்றர், 8,000 சுற்று. சறுக்கலைப் பிடிக்கும் வீஎஸ்ஏயும் அந்த வருசத்தில்தான் சேர்ந்தது. வாங்குவதென்றால் நல்ல வருசம்தான் பார்த்திருக்கிறீர்கள்.

ஆனால் அந்த எஞ்சினின் ருசி 6,000 சுற்றுக்கு மேலே. அதற்குக் கீழே அது ஒரு நல்ல சிவிக், ஹொண்டாவின் சாதாரணக் கார். இரண்டாம் கியரில் உச்சத்துக்குப் போனால் மணிக்கு ஏறக்குறைய 95 கிலோமீற்றர் வந்துவிடும், மூன்றாம் கியரில் 130. நாலாம் கியர் உச்சத்தை 404 நெடுஞ்சாலையில் தேடினால் பொலிஸ்காரன் அதற்கு "ஸ்ரண்ட் டிறைவிங்", அதாவது ஆபத்தான சாகச ஓட்டம், என்று பெயர் வைத்திருக்கிறான். றோட்டிலேயே லைசென்ஸ் 30 நாளுக்குப் போகும், கார் 14 நாளுக்கு அவனுடைய வளவில் நிற்கும். உங்கட மியாட்டா 128 குதிரைவலு, எடை ஏறக்குறைய 1,040 கிலோ. ஹொண்டா அதைவிட 200 கிலோவுக்கு மேல் கூட. ஸ்ரீல்ஸ் அவெனியுவில் வலப்பக்கம் திரும்பும்போதே மியாட்டா பந்தயத்தில் ஓடுவதுமாதிரி இருக்கும். வேகம் 45தான் இருக்கும்.

கணக்கையும் பார்ப்போம். உங்கட காரைக் கழித்தால் 33,000க்குத்தான் 13 வீத வரி: 4,290. மொத்தம் 37,290. கழிக்காமல் வாங்கினால் வரி 4,680. ஆகவே அவர்கள் தரும் 3,000 உண்மையில் 3,390 பெறும். அவ்வளவுதான். கறளோடு, றோட்டில் ஓடத் தகுதி என்ற சேஃப்ரிச் சான்றிதழ் இல்லாமல், "உள்ளபடி" என்று எழுதித் தனியாருக்கு விற்றாலும் அதைவிடக் கூடக் கிடைக்கும் என்பது என் எண்ணம். பந்தயத் திடலில் ஓட்டுகிற பொடியள் இந்தக் காரைத்தான் தேடுகிறார்கள், ஒட்டு வேலையை அவர்களே செய்துகொள்வார்கள். நீங்கள் 20 டொலருக்குப் பழைய வாகனத் தகவல் பொதியை எடுத்துக் கொடுக்கவேண்டும், இலக்கத் தகட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளவேண்டும். ஆகவே எந்த முடிவு எடுத்தாலும், அந்தக் கழிவு விலைக்கு மியாட்டாவைக் கொடுக்காதீர்கள்.

ஒட்டு வேலை வரியோடு 4,746. ஹொண்டா 37,290. 900 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டப் பயந்த ஆள், 37,000 டொலர்க் காரை மழைக்குள் இறக்குவாரோ? பிளாஸாவில் நிறுத்தினால் பக்கத்துக் கார்க்காரன் கதவை எப்படித் திறக்கிறான் என்று யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பீர்கள். நான் இப்படி மூன்று பேரைக் கண்டிருக்கிறேன். ஒருவருடைய காரில் வருசத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவேன், மீற்றர் 300 கூட நகர்ந்திராது.

ஆகவே என் சொல்: உட்சுவர் நல்லதென்றால் ஒட்டுங்கள், குழாயைத் துப்புரவாக்குங்கள், ஒவ்வொரு ஐப்பசியும் உள்ளுக்குத் துருத்தடுப்பு எண்ணெய் அடியுங்கள், இந்தக் கோடையில் மழையோ வெயிலோ ஓடுங்கள். 30 வருசம் தாண்டின காருக்கு வரலாற்றுத் தகடு எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். எடுக்கவேண்டாம், அது ஊர்வலத்துக்கும் கண்காட்சிக்கும் போகிறவர்களுக்கு. ஐப்பசியிலும் ஹொண்டா கனவில் வந்தால், ஒட்டின மியாட்டாவை நல்ல விலைக்குத் தனியாருக்கு விற்றுவிட்டுப் போங்கள். எஸ்2000 2009இல் நின்றுவிட்டதுதான், ஆனால் ஒரு வருசத்தில் எல்லாம் விற்று முடியாது.

உட்சுவர் போயிருந்தால் செலவழிக்கவேண்டாம், உள்ளபடி விற்றுவிடுங்கள். அப்போதும் நான் ஹொண்டாவைச் சொல்லமாட்டேன், 2019க்குப் பிந்திய மியாட்டாவைச் சொல்வேன். 181 குதிரைவலு, உங்கட காரைவிடப் பெரிதாகப் பாரமும் இல்லை. கேட்கமாட்டேன், ஹொண்டாதான் என்றால், போய்ப் பார்க்கும்போது பொனற், மட்காட், கதவு, டிக்கி எல்லாவற்றிலும் காரின் இலக்கம் அச்சடித்த சின்ன ஒட்டுத்தாள் இருக்கிறதோ என்று தேடுங்கள். ஒன்றில் இல்லையென்றால் அந்தத் துண்டு மாற்றப்பட்டிருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். இரவு முழுக்கக் குளிர்ந்த எஞ்சினை உங்கட கையால் ஸ்ரார்ட் பண்ணுங்கள். முன்பக்கம் கரகரத்தால் செயினை இறுக்கும் சாமான் தேய்ந்துவிட்டது. நீங்கள் வர முதலே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வாருங்கள்.

மனைவி சொன்ன ஒழுங்கான கார் வேறு கேள்வி. அதை அவவே எழுதிக் கேட்கட்டும், பதில் சொல்கிறேன்.

கேள்வி: ரயரிலை பள்ளம் புதுசுமாதிரி இருக்கு. ஆனாலும் மாத்தச் சொல்லுகினம். ஏமாத்துகினமோ?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: ரயரின் பக்கச்சுவரில் டீஓரி (DOT) என்ற எழுத்துக்களுக்குப் பிறகு வரும் தொடரின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள் அம்மா. 3213 என்றால் 2013ஆம் ஆண்டின் 32ஆம் கிழமை செய்தது. பத்து வருசம் தாண்டியிருந்தால் பள்ளத்தைப் பார்க்கவேண்டாம், மாற்றுங்கள். ரப்பர் காய்ந்துவிடும், மழையில் பிடிக்காது. ஆறு ஏழு வருசம் என்றால் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்பு இருக்கிறதோ என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

கேள்வி: கோடைக்கு மட்டும் ஓடுற காரை, குளிர்காலத்திலை கிழமைக்கு ஒருக்கா அஞ்சு நிமிசம் ஸ்ரார்ட் பண்ணி விடுறன். சரிதானே அங்கிள்?
– வாசகர், அஜக்ஸ்

பதில்: சரியில்லை மகன். அஞ்சு நிமிடத்தில் எஞ்சின் சூடேறாது. ஒயிலிலும் புகைக்குழாயிலும் ஈரம் சேருவதுதான் மிச்சம். பெற்றோலை நிரப்பி, கெடாமல் இருக்க ஊற்றும் மருந்தை ஊற்றி, ஒயிலை மாற்றி, பற்றரிக்கு மெதுவாக ஏற்றும் சார்ஜரைக் கொழுவிவிட்டுச் சித்திரை வரைக்கும் தொடாதீர்கள். கை பிறேக்கை இழுத்து வைக்கவேண்டாம், ஒட்டிக்கொள்ளும், கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். எலி வராமல் புகைக்குழாய் வாயில் இரும்புக் கம்பளியை அடையுங்கள். அடைத்ததைக் கடதாசியில் எழுதி ஸ்ரியறிங்கில் கட்டிவிடுங்கள். நான் ஒருமுறை கட்டவில்லை. சித்திரையில் ஸ்ரார்ட் பண்ணினபோது அந்தக் கம்பளி பறந்து போய்ப் பின்வீட்டு ஐயாவின் றோசாச் செடியில் நின்றது.