கேள்வி–பதில்: டர்போ பேட்ரோலின் முதல் டிராக் ரேஸ்

இந்த இதழில் வளைகுடா வாசகர்களின் டிராக் ரேஸ் (நின்ற இடத்திலிருந்து கால் மைல் நேர்கோட்டு ஓட்டம்) கேள்விகள் மட்டும். பெரும்பாலும் ஒரே வண்டியைப் பற்றியவை: நிசான் பேட்ரோல் ஒய்61, 4.8 லிட்டர் டிபி48 எஞ்சின், மேலே ஒரு பெரிய டர்போ.

ஐந்து கதவு ஒய்61 வைத்திருக்கிறேன். ஒற்றை டர்போ, கிராங்க்கில் (சக்கரத்தில் அல்ல, எஞ்சினில்) 800 குதிரைத் திறன் என்கிறார் டியூனர். இதுவரை மணலில்தான் ஓட்டியிருக்கிறேன். அபுதாபி யாஸ் மரீனா தடத்தில் முதல் முறை இறங்கப் போகிறேன். எஞ்சினில் எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகர், ஷார்ஜா

எஞ்சினை விடுங்கள், டயரில் ஆரம்பியுங்கள். உங்கள் வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளோடு சேர்த்து 2,500 கிலோ, அதாவது சுமார் 5,500 பவுண்டு. அதை 800-ஆல் வகுத்து கனமூலம் எடுத்தால் 1.9. இதை 5.825-ஆல் பெருக்கினால் கால் மைலுக்கு 11.1 வினாடி. 234-ஐ இதே 1.9-ஆல் வகுத்தால் 123 மைல் வேகம், அதாவது மணிக்கு 198 கிலோமீட்டர். பிடிப்பு சரியாக இருந்தால் கிடைக்கும் நேரம் இது. முதல் நாள் 12 வினாடிக்கு மேல்தான் வரும். ஆனால் முடிவுக் கோட்டு வேகம் அவ்வளவாகக் குறையாது.

இப்போது டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். மணலுக்கும் சேற்றுக்கும் போடும் கட்டை டயர்கள் பலவற்றில் 'க்யூ' என்ற எழுத்து இருக்கும். அது 160 கிலோமீட்டருக்கு மட்டுமே உத்தரவாதம். 'எஸ்' என்றால் 180, 'எச்' என்றால் 210. உங்களுக்கு 'எச்' குறைந்தபட்சம், 'வி' (240) இருந்தால் நிம்மதி. மணலில் காற்றைக் குறைத்துப் பல மாதம் ஓடிய டயரின் பக்கச் சுவர் உள்ளுக்குள் களைத்திருக்கும். வெளியே புதிதாகத் தெரிந்தாலும் அதை இங்கே கொண்டு வராதீர்கள்.

அடுத்தது மணல். சேஸிஸ் குழாய்க்குள்ளும் அடித்தகட்டின் மேலும் கிலோக்கணக்கில் தங்கியிருக்கும். லான்ச் (கோட்டிலிருந்து முதல் பாய்ச்சல்) அதிர்ச்சியில் அது தடத்தில் கொட்டினால் பின்னால் வருபவருக்கு ஆபத்து, உங்களையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் முன்பே வண்டியைத் தூக்கி, சேஸிஸ் துளைகளுக்குள் பிரஷர் வாட்டர் அடித்து, காயவிட்டு, ஒரு ரவுண்டு ஓட்டி, மறுபடி அடியுங்கள். பின்கதவு ஸ்டெப்னி, ஜாக்கி, மண்வெட்டி, ஃபிரிட்ஜ், மேல் கேரியர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பேட்டரி கிளாம்ப்பை ஆட்டிப் பாருங்கள். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் சுமார் 130 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, தடத்துக்குப் போனதும் இன்னொரு முறை சரிபாருங்கள். கூலன்ட் வழிந்தால் பிடிக்க அரை லிட்டர் டப்பா ஒன்று வேண்டும்.

பாதுகாப்பு விதிகளைத் தட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. விதிப்படி 13.99 வினாடி அல்லது அதைவிட வேகமாக ஓடும் வண்டிக்கு ஹெல்மெட், 11.49-க்கு ரோல் பார் (வண்டி புரண்டால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டம்). பல தடங்கள் இதை ஒட்டியே நடக்கின்றன. உங்கள் கணக்கு 11.1 என்பதால், ரோல் பார் இல்லாமல் முழு பூஸ்டுக்கு (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஆசைப்பட வேண்டாம்.

லான்ச்சை 4எச்-சில் (நாலு சக்கர இயக்கம்) வைத்து அடிப்பதா, 2எச்-சிலா (பின்சக்கரம் மட்டும்)? 4எச் போட்டால் தார் ரோட்டில் கியர் உடையும் என்கிறார்கள்.
– வாசகர், முசாஃபா

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஒய்61-இன் டிரான்ஸ்ஃபர் கேஸில் (திறனை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) முன், பின் வேக வித்தியாசத்தை அனுமதிக்கும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச்-சில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். நேராக ஓடும்வரை தொல்லையில்லை. திருப்பினால் முன்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், ஷாஃப்ட் விடாது, டயர் வழுக்கிக் கொடுக்க வேண்டும். மணலில் வழுக்கும், பசை போட்ட டிராக் தடத்தில் வழுக்காது. அழுத்தம் முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸிலும் முன் சி.வி. ஜாயிண்டிலும் (முன்சக்கரம் திரும்பும்போதும் திறனைக் கடத்தும் இணைப்பு) ஏறும்.

ஆகவே லான்ச்சுக்கு 4எச் போடலாம், போடவும் வேண்டும். 800 குதிரையைப் பின்சக்கரம் இரண்டும் தனியாகத் தாங்காது. முன் ஹப்புகளைக் கையால் 'லாக்'-கில் வைத்து, பர்ன்அவுட்டை (டயரை நின்ற இடத்தில் சுற்றிச் சுத்தமாக்கிச் சூடேற்றுவது) 2எச்-சில் முடித்து, பிறகு 4எச்-சுக்கு மாறி, ஸ்டீயரிங் நேராக இருக்கும்படி கோட்டுக்கு வாருங்கள். ஸ்டீயரிங் வளைந்த நிலையில் லான்ச் அடித்தால் முதலில் உடைவது முன் சி.வி.தான். ஓட்டம் முடிந்து வேகம் குறைந்ததும், திரும்பும் வழியில் வளைவதற்கு முன்பே 2எச்.

ஒரு எச்சரிக்கை: பின்னால் மட்டும் டிராக் ரேடியல் (டிராக் ரேஸுக்கான பிடிப்பு டயர்) போட்டிருந்தால் முன்பின் டயர்களின் சுற்றளவை டேப்பால் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நேர்கோட்டில்கூட 4எச் இறுகும்.

ஷாஃப்ட் முனைகளில் உள்ள கிராஸ் ஜாயிண்ட்களைக் கையால் முறுக்கிப் பார்த்து, லேசாக ஆடினாலும் மாற்றிவிடுங்கள். இந்த வண்டிகளில் ஷாஃப்ட் உடைவது பெரும்பாலும் திறனால் அல்ல. இடைவெளி இருக்கும் இடத்தில் விழும் சுத்தியல் அடியால்தான். பச்சை விளக்குக்கு முன் பிரேக்கில் நின்றபடியே லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, அந்த இடைவெளியை எல்லாம் ஒரு பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டால் பாதி உடைசல் குறையும். ஷாஃப்டுக்கு அடியில் இரும்பு வளையம் ஒன்று கட்டாயம் மாட்டுங்கள்.

லான்ச் அடித்தால் முன்பக்கம் வானத்தைப் பார்க்கிறது, ஸ்டீயரிங் லேசாகிவிடுகிறது. வண்டிக்கு நாலு இன்ச் லிஃப்ட் போட்டிருக்கிறேன்.
– வாசகர், அல் ஐன்

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஈர்ப்பு மையம் 80 சென்டிமீட்டர் உயரத்தில், சக்கரத் தூரம் 2.97 மீட்டர், வேகமுடுக்கம் 0.8 ஜி என்று வைத்தால், 2,500 கிலோ வண்டியில் சுமார் 540 கிலோ முன்னிருந்து பின்னுக்குப் போகிறது. மூன்று கதவு பேட்ரோல் (2.4 மீட்டர்) அதே எடையில் இருந்தால் 670 கிலோ. நாலு இன்ச் லிஃப்ட் இதோடு இன்னும் 65, 70 கிலோவைக் கூட்டுகிறது. ஸ்டாக் ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுங்கள். ஷாஃப்ட் கோணமும் தானே சரியாகும். டாஷ்போர்டில் பின் ஸ்டெபிலைசரை விடுவிக்கும் சுவிட்ச் உள்ள வண்டி என்றால், அது பூட்டிய நிலையில் இருக்கட்டும்.

டயரில் எவ்வளவு காற்று? பர்ன்அவுட் எவ்வளவு நேரம்?
– வாசகர், தோஹா

சாதாரண ரோடு டயர் என்றால் 28 பிஎஸ்ஐ-யில் தொடங்குங்கள். டிராக் ரேடியல் என்றால் 24. ஓட்டத்துக்கு ஒன்று வீதம் குறைத்துப் பாருங்கள். லேசான கார்க்காரர்கள் சொல்லும் 16, 17 இரண்டரை டன் வண்டிக்கு ஆகாது. பக்கச் சுவர் மடிந்து, முடிவுக் கோட்டில் வண்டி நெளியும்.

ரோடு டயரோடு தண்ணீர்ப் பெட்டிக்குள் (பர்ன்அவுட்டுக்காக நனைத்து வைத்த இடம்) இறங்காதீர்கள், சுற்றிப் போங்கள். டயர் வெட்டுகளில் ஏறிய தண்ணீர் கோட்டில்தான் சொட்டும். தூசி போக இரண்டு விநாடி சுற்றினால் போதும். வரிசையில் நிற்கும்போதே ஏ.சி.-யை நிறுத்திவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது ஊற்றும் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாவது கியரில் 1.2 பார் பூஸ்ட் வரும்போது படபடவென்று வெட்டுகிறது. ஒருமுறை 'டப்' என்று சத்தம், கரும்புகை, பவர் போய்விட்டது.
– வாசகர், துபாய்

இவை இரண்டு வேறு நோய்கள்.

வெட்டுவது பெரும்பாலும் பிளக். பூஸ்ட் ஏறினால் சிலிண்டரில் காற்று அடர்த்தியாகி, தீப்பொறி தாண்ட அதிக வோல்டேஜ் கேட்கும். இடைவெளி 1.1 மில்லிமீட்டர் இருந்தால் 0.65 அல்லது 0.7-க்குக் கொண்டு வாருங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாக இருக்கட்டும். அப்படியும் வெட்டினால் காயில்.

'டப்' சத்தம் இன்டர்கூலர் ஹோஸ் கழன்றது. காற்று அளவி டர்போவுக்கு முன்னால் இருப்பதால், வெளியே ஓடிய காற்றுக்கும் சேர்த்து கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றுகிறது, அதனால் கரும்புகை. (தனி ஈ.சி.யு.வும் (எஞ்சின் கம்ப்யூட்டர்) காற்றழுத்தம் அளக்கும் மேப் சென்சாரும் போட்ட வண்டியில் புகையே வராமல் பவர் மட்டும் போகும். அங்கே காரணம் தெரியாமல் தேடிக் களைப்பார்கள்.) ஹோஸின் உள்பக்கத்தையும் குழாயையும் பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள். குழாய் முனையில் வளையமாக ஒரு தடிப்பு இல்லையென்றால் எந்தக் கிளாம்ப்பும் நிற்காது.

வெட்டுவது பிளக்தான் என்று முடிவு கட்டுமுன் பெட்ரோல் அழுத்தத்தையும் பதிவு செய்து பாருங்கள். அடிப்படை 3 பார் என்றால் 1.2 பார் பூஸ்டில் 4.2 காட்ட வேண்டும். அதற்குக் கீழே சரிந்தால் பம்ப் திணறுகிறது. முழு பூஸ்டில் லாம்ப்டா (காற்று–பெட்ரோல் கலவை அளவு, கூடினால் பெட்ரோல் குறைவு) 0.80-ஐ ஒட்டி இருக்கட்டும், 0.85-ஐத் தாண்டினால் காலை எடுங்கள், பிஸ்டன் மிஞ்சும். சூப்பர் 98 மட்டும், டாங்க் பாதிக்குக் குறையாமல். லான்ச்சில் பெட்ரோல் முழுக்கப் பின்னுக்குச் சாயும், பம்ப் காற்றை உறிஞ்சும். இருபது லிட்டர் குறைத்தால் மிச்சமாவது 15 கிலோ. அதற்காக எஞ்சினைப் பணயம் வைக்காதீர்கள்.

ஆட்டோ கியர்பாக்ஸ். பிரேக்கை மிதித்துக்கொண்டு எவ்வளவு ஆர்.பி.எம். ஏற்றலாம்?
– வாசகர், மனாமா

2,000-இல் தொடங்குங்கள், மூன்று விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். நிற்கும் வண்டியில் எஞ்சின் தரும் திறன் அத்தனையும் கன்வர்ட்டருக்குள் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் எண்ணெய்க் கூடு) எண்ணெயைச் சூடாக்குவதற்கே போகிறது. எண்ணெய் 100 டிகிரிக்குள் இருந்தால் அடுத்த ஓட்டம். 120-ஐத் தொட்டால் அன்றைக்குப் போதும். நியூட்ரலில் முறுக்கிவிட்டு டிரைவில் தள்ளும் வித்தையை மட்டும் செய்யவே கூடாது. முதல் மூன்று ஓட்டத்துக்கு வேஸ்ட்கேட் (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங் தரும் பூஸ்டே போதும்.

புது பேட்ரோல், 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6, 425 குதிரை. ஸ்டாக். என்ன செய்ய?
– வாசகர், அபுதாபி

98 பெட்ரோல், சரியான காற்று, காலி டிக்கி, அவ்வளவுதான். காப்பீட்டுத் தாளில் பந்தயத்தைப் பற்றிய வரியை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

ஸ்லிப்பில் (தடத்தில் தரும் நேரச் சீட்டு) முதல் 60 அடி 2.30 வினாடி, மொத்தம் 12.6, வேகம் 196 கி.மீ. என்று வந்தது. ரியாக்‌ஷன் 0.9. பூஸ்ட்டை ஏற்றவா?
– வாசகர், ராஸ் அல் கைமா

வேண்டாம். 196 என்பது 800 குதிரை வண்டியின் வேகம். எஞ்சின் தன் வேலையைச் செய்கிறது. நேரம் போனது முதல் 60 அடியில். அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு 0.1 வினாடியும் முடிவில் 0.15 முதல் 0.2 வரை தரும். 60 அடியை 1.8-க்குக் கொண்டு வந்தால் 11.6 முதல் 11.85-க்குள் வந்துவிடுவீர்கள், பூஸ்ட்டைத் தொடாமலே. ரியாக்‌ஷன் 0.9 (பச்சை விளக்குக்குப் பின் நகர எடுத்த நேரம்) பற்றிக் கவலை வேண்டாம். சக்கரம் கோட்டை விட்டு நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடும்.

ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்: காற்று, அல்லது லான்ச் ஆர்.பி.எம். இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் எது பலித்தது என்று தெரியாது. வேகம் அளப்பது கடைசி 66 அடியில், அதற்கு முன் காலை எடுக்காதீர்கள். 60 அடி நன்றாகி வேகம் 5 கி.மீ. குறைந்திருந்தால் அது சூடு. போனட்டைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். இன்டர்கூலரில் ஐஸ் வைத்தால் வரிசைக்கு வருமுன் துடைத்து, சொட்டு நின்றதா என்று அடியில் குனிந்து பார்த்துவிட்டு வாருங்கள்.