சாசரை மூலத்தில் படிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பி.காம். படித்தவள் நான். பல ஆண்டுகள் கழித்து இப்போது தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருக்கிறேன். முதல் தாளே பேவுல்ஃப் தொடங்கி மில்டன் வரை. சாசரைத் திறந்தால் ஒரு வரியும் விளங்கவில்லை. இக்கால ஆங்கிலத்தில் மாற்றி எழுதிய புத்தகங்களை மட்டும் படித்தால் போதாதா? எங்கிருந்து தொடங்குவது? வேலைக்குப் போய் வந்த பிறகு மாலையில் கிடைக்கும் நேரம்தான் எனக்கு.

பதில்: இந்தத் தாளில் வரும் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. 1066-இல் நார்மானியர் வருவதற்கு முந்தைய பழைய ஆங்கிலம் ஏறக்குறைய வேறொரு மொழி. இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் அதில் எழுதிய பேவுல்ஃப் காப்பியத்தை மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞரான சாசரை மூலத்தில், பக்கத்தில் உரையை வைத்துக்கொண்டு படியுங்கள். நாடகாசிரியர் மார்லோவையும் அவருக்குப் பிறகு வருகிற எல்லோரையும் மூலத்தில் மட்டும், அடிக்குறிப்புள்ள பதிப்பில் படியுங்கள். ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் எளிய உரைநடைக்கு மாற்றித் தரும் புத்தகங்களில் கதை இருக்கும், கவிதை இருக்காது.

அடுத்தது வரிசை. காலவரிசைப்படி பேவுல்ஃபில் தொடங்கி அங்கேயே சோர்ந்து நின்றுவிடுகிறவர்கள் அதிகம். பாடத்திட்டம் அப்படி அச்சாகியிருக்கிறது என்பதற்காக நீங்களும் அப்படிப் படிக்க வேண்டியதில்லை. முதலில் மார்லோவின் டாக்டர் ஃபாஸ்டஸ் நாடகம். அப்புறம் ஜான் டன்னின் கவிதைகள் நாலைந்து. அங்கிருந்து பின்னோக்கிச் சாசர், இன்னும் பின்னே பேவுல்ஃப். மில்டன் கடைசியில். இதற்குக் காரணம் காதுதான். ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்று பாடப் புத்தகம் சொல்லும் வரியில் பத்து ஒலியசைகள், ஐந்து அழுத்தங்கள். இந்த ஓட்டம் காதில் ஏறிவிட்டால் இந்தத் தாளின் பெரும்பகுதி வசப்படும். பேவுல்ஃபுக்கு வேறு கணக்கு. இதைப் பழக மார்லோவைவிட நல்ல இடம் இல்லை. வரி முடிவில் இயைபு இல்லாத 'பிளாங்க் வெர்ஸ்' வடிவத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் சர்ரே பிரபு. லத்தீன் கவிஞர் வர்ஜிலை மொழிபெயர்க்க அதைப் பயன்படுத்தினார். மேடையில் அதை முழங்க வைத்தவர்களில் முதன்மையானவர் மார்லோ. ஃபாஸ்டஸின் கடைசி ஒரு மணி நேரத் தனிமொழியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டாக்டர் ஃபாஸ்டஸுக்கு 1604-இல் வந்த பாடம் (மூல வடிவம்) ஒன்று, 1616-இல் வந்த பாடம் ஒன்று என இரண்டு உண்டு. இரண்டும் மார்லோ 1593-இல் இறந்த பிறகு அச்சானவை. பிந்தையது சுமார் 600 வரிகள் கூடுதல். வேடிக்கைக் காட்சிகள் அதில் நீளம். இணையத்தில் ஒரு பாடத்தைப் படித்து, இன்னொன்றுக்கு எழுதிய குறிப்புகளை வைத்துக்கொண்டால் குழப்பம்தான். 'ஏ டெக்ஸ்ட்' என்று போட்டிருக்கும் 1604 பாடத்தைத் தேடிப் பிடியுங்கள்.

டன்னில் 'தி ஃப்ளீ', 'தி சன் ரைசிங்', 'எ வேலடிக்ஷன்: ஃபர்பிடிங் மோர்னிங்' போதும், தெய்வ சானட்டுகளில் (பதினான்கு வரிக் கவிதைகள்) ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளலாம். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து 1633-இல்தான் இவை புத்தகமாயின. டன் போன்ற கவிஞர்களுக்குத் தரும் 'மெட்டாஃபிஸிக்கல்' என்ற பட்டமும் பின்னால் வந்ததே: பிற்காலக் கவிஞர் டிரைடன் அந்தச் சொல்லைக் குறையாக எடுத்துவிட்டார், விமர்சகர் டாக்டர் ஜான்சன் அதை ஒரு கவிஞர் கூட்டத்துக்கே பெயராக்கினார். பட்டத்தின் இலக்கணத்தை மனப்பாடம் செய்வதைவிட, 'தி ஃப்ளீ'யில் ஒரு தெள்ளுப்பூச்சியை வைத்துக் காதலன் எப்படி வழக்காடுகிறான், மூன்றாம் பத்தியில் அவள் அதை நசுக்கிய பிறகு வாதத்தை எப்படித் திருப்புகிறான் என்று எழுதினால் விடை தானாக வந்துவிடும்.

சரி, சாசர். விளங்கவில்லை என்கிறீர்களே, கண்ணால் மட்டும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவருடைய கேன்டர்பரி கதைகளின் முன்னுரையான ப்ரோலாக்கின் முதல் வரியை இப்படிச் சொல்லுங்கள்: "ஹ்வான் தட் ஆப்ரில் வித் ஹிஸ் ஷூரெஸ் சோட்டெ." இறுதியில் நிற்கும் 'எ' ஒலியை விழுங்கக் கூடாது. அது பதினைந்தாம் நூற்றாண்டில் பேச்சிலிருந்து உதிர்ந்துபோனது, உயிரொலிகளும் மாறிவிட்டன. அதனால்தான் டிரைடன் போன்ற பெருங்கவிஞரே 1700-இல் சாசரின் யாப்பு கரடுமுரடானது என்று நம்பினார். 1775-இல் டிர்விட் என்ற பதிப்பாசிரியர்தான் இறுதி எகரத்தைச் சேர்த்துப் படித்தால் வரிகள் ஒழுங்காக நடப்பதைக் காட்டினார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சாசர் இணையதளத்தில் ஒவ்வொரு வரிக்கும் கீழே இக்கால ஆங்கிலம் இருக்கிறது, இலவசம். ப்ரோலாக்கின் முதல் வாக்கியமே 18 வரி நீளம். ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டு அதை மட்டும் சில மாலைகள் சொல்லிப் பழகுங்கள். மீதி 840 வரிகள் அவ்வளவு முரண்டு பிடிக்காது.

மூலத்தை விட்டால் என்ன போகும் என்பதற்கு ஒரு சான்று. ப்ரோலாக்கில் வரும் கன்னிமடத் தலைவியைச் சாசர் வருணிக்கும்போது, பொறியில் எலி சிக்கினாலே அவள் அழுதுவிடுவாள் என்கிறார். தன் நாய்க்குட்டிகளுக்கு வறுத்த இறைச்சியும் பாலும் உயர்ந்த ரொட்டியும் கொடுப்பாளாம். அவள் அணிந்த தங்கப் பதக்கத்தில் 'காதல் அனைத்தையும் வெல்லும்' என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. சாசர் ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை, பாராட்டிக்கொண்டே போகிறார். ஏழைகளைப் பற்றிப் பேச்சே எழவில்லை என்பதை நாமே கவனிக்க வேண்டும். கதைச்சுருக்கத்தில் இது 'மடத்தலைவி இளகிய மனம் கொண்டவள்' என்று வந்து நிற்கிறது! குறிப்பேட்டை நம்பி அப்படியே எழுதிவைத்த விடைத்தாள்கள் உண்டு.

இதே காலத்தில் எழுதிய, சர் கவைன் என்ற வீரனின் கதையும் பாடத்திட்டத்தில் இருந்தால் அதை மொழிபெயர்ப்பிலேயே படியுங்கள். அது வடமேற்கு வட்டார வழக்கு. லண்டன்காரரான சாசரைவிடப் பல மடங்கு கடினம்.

பேவுல்ஃபுக்கு இப்போது வரலாம். 3182 வரிகள். ஆயிரமாம் ஆண்டை ஒட்டி எழுதிய ஒரே ஒரு சுவடியில் தப்பிப் பிழைத்தது. 1731-இல் லண்டனில் நடந்த தீவிபத்தில் அதன் ஓரங்கள் கருகின. ஆங்கிலத்தின் முதல் பெருங்காப்பியம் என்கிறோம், ஆனால் கதை நடப்பது டென்மார்க்கிலும் தெற்கு ஸ்வீடனிலும். ஷேமஸ் ஹீனியின் 1999 மொழிபெயர்ப்பு வேகமாக ஓடும். மூலத்தின் யாப்பு நமக்கு அந்நியமில்லை: வரி இரண்டு பாதியாகப் பிரியும், மோனைதான் இரண்டையும் கட்டும், இயைபு கிடையாது. நேரம் குறைவென்றால் கிரெண்டல் என்ற அரக்கனோடு நடக்கும் சண்டையையும், ஐம்பது ஆண்டு கழித்து வரும் டிராகன் பகுதியையும் படியுங்கள். இடையில் வரும் கிளைக்கதைகளை முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம். விமர்சனம் கேட்டால் டோல்கீனின் 1936 சொற்பொழிவைக் குறிப்பிடுங்கள். இதை வரலாற்றுச் சான்றாகத் தோண்டாமல் கவிதையாகப் படிக்கச் சொன்னது அது.

மில்டனைப் பார்த்து எல்லோரும் பயப்படுவது அவருடைய வாக்கியத்துக்காக. பேரடைஸ் லாஸ்ட் முதல் வாக்கியம் 16 வரி. 'பாடு' என்ற முதன்மை வினையே ஆறாவது வரியில்தான் வருகிறது. ஆங்கிலேயருக்கு இது மூச்சுமுட்டும். நாமோ வினைமுற்றுக்குக் காத்திருந்தே பழகியவர்கள். வினையைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து மற்றதைக் கோத்துக்கொள்ளுங்கள். 1, 2, 9 ஆகிய காண்டங்களை முழுமையாகப் படியுங்கள். டார்ட்மத் கல்லூரியின் மில்டன் வாசிப்பறை என்ற தளத்தில் அடிக்குறிப்புகளோடு மூலம் கிடைக்கும். 1667 பதிப்பில் பத்துக் காண்டம், 1674-இல் ஏழாவதையும் பத்தாவதையும் பிரித்துப் பன்னிரண்டு. ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பிடித்தமான இடம் இது.

ஸ்பென்சரின் நெடுங்கவிதையான ஃபேரி குயீனில் முதல் காண்டத்தின் முதல் படலத்தைத் தாண்டி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. ஷேக்ஸ்பியருக்குப் பெரும்பாலும் தனித் தாள் இருக்கும். இந்தத் தாளுக்கு அவருடைய சானட்டுகள் சில போதும். பதினைந்தாம் நூற்றாண்டுக்கு, ஆர்தர் மன்னன் கதைகளை எழுதிய மாலரியையும், 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் கேக்ஸ்டன் அச்சகம் வைத்ததையும் தெரிந்துகொண்டு நகர்ந்துவிடுங்கள். மிச்சமாகும் மாலைகளைச் சாசருக்கே கொடுங்கள். ப்ரோலாக் முடிந்ததும் அதே கேன்டர்பரி கதைகளில் வரும் பாத் ஊர்க்காரியின் முன்னுரையைப் படியுங்கள், பாடத்தில் இல்லாவிட்டாலும்.