தனியார் விண்கலம், யார் பொறுப்பு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கோத்தகிரியில் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்படி, ஆட்கள் ஏறிப் போகும் விண்கலங்களைத் தனியார் தங்கள் பணத்தில் உருவாக்கிவருவது பற்றி வகுப்பில் பேச்சு வந்தது. பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி, "பணம் தனியாருடையது என்றால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் உயிருக்கு யார் மிஸ் பொறுப்பு?" என்று கேட்டாள். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இதெல்லாம் பெரும் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாமா?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

உங்கள் மாணவியின் கேள்விதான் முக்கியம். அதற்கு முன் உங்கள் கேள்வியை முடித்துவிடுகிறேன்.

பொழுதுபோக்கு என்று தள்ள முடியாது. 2024 செப்டம்பரில் போலாரிஸ் டான் என்ற தனியார் பயணத்தில், அதற்குப் பணம் போட்ட தொழிலதிபர் ஜாரெட் ஐசக்மேனும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனப் பொறியாளர் சாரா கில்லிஸும் அந்நிறுவனத்தின் டிராகன் கலத்தின் கதவைத் திறந்து ஒருவர் பின் ஒருவராக வெளியே எழுந்து நின்றார்கள். தனியார் பயணத்தில் நடந்த முதல் விண்நடை அது. காற்றை அடைத்து வைக்கும் தனி அறை அந்தக் கலத்தில் கிடையாது. கதவு திறந்தபோது நான்கு பேருமே வெற்றிடத்தில் இருந்தார்கள், புதிதாகச் செய்த உடையை மட்டும் நம்பி. இது உண்மையான பொறியியல். ஆனால் 'தனியார் பணம்' என்பது பாதிதான் உண்மை. டிராகனை ஆளேற்றும் கலமாக்க 2014-ல் நாசா கொடுத்த ஒப்பந்தம் 260 கோடி டாலர். அதன் வெப்பக் கவசத்துக்கு அடிப்படையான பொருளும் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் உருவானதுதான்.

சரி, மாணவியின் கேள்விக்கு வருவோம். மறுபடி பயன்படுத்தும் கலத்தில் சிக்கலே, திரும்பி வந்ததை மீண்டும் ஏற்றலாமா என்று முடிவெடுப்பதில்தான் இருக்கிறது. அமெரிக்க விண்வெளி ஓடங்கள் 135 முறை போயின. இரண்டு விபத்துகளில் 14 பேர் இறந்தார்கள். கல்பனா சாவ்லா இருந்த கொலம்பியாவில், ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பை உடைத்தது. திரும்பும்போது அந்த வழியாக அனல் புகுந்தது. முந்தைய பயணங்களிலும் நுரை பெயர்ந்து விழுந்ததுண்டு. ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாக இறங்கிவிட்டதால் அதை வழக்கமான பழுது என்று எடுத்துக்கொண்டார்கள். அது அரசு நடத்திய திட்டம் என்பதை மறக்க வேண்டாம். விசாரணைக் குழு கேட்டது, பயண அட்டவணைக்குக் கட்டுப்படாத தனிப் பொறியியல் அதிகாரம்.

தனியார் பக்கம் 2014 அக்டோபர் 31-ஐப் பாருங்கள். பயணிகளை ஏற்றுவதற்காகச் செய்த ஸ்பேஸ்ஷிப்டூ ஓடத்தின் சோதனைப் பயணம் அன்று. அதன் வால் பகுதி மடங்காமல் பிடித்துவைக்கும் பூட்டை, ஒலியின் வேகத்தைப்போல் 1.4 மடங்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். துணை விமானி 0.8 தாண்டியதுமே திறந்துவிட்டார். ஓடம் சிதறியது, அவர் இறந்தார். விமானி செய்த தவறு என்று சொல்லிக் கோப்பை மூடியிருக்கலாம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அப்படிச் செய்யவில்லை. ஒரு மனிதர் ஒருமுறை தவறினால் ஓடமே போய்விடும் என்பதை வடிவமைத்த நிறுவனம் கணக்கில் எடுக்கவில்லை என்று பகிரங்கமாக எழுதியது.

ஆனால் இது நடந்த பிறகு வந்த விசாரணை. முன்கூட்டியே? நாசா வீரர்கள் ஏறும் பயணத்துக்கு நாசா சான்று தர வேண்டும். தனியார் பயணிக்கு அப்படி ஒருவரும் இல்லை. உள்ளே இருப்பவரின் பாதுகாப்புக்கு விதி போட 2004-லிருந்தே அமெரிக்கச் சட்டம் அந்நாட்டு அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தைப் பெரும்பாலும் தடுத்துவைத்திருக்கிறது. பல முறை நீட்டித்து, இப்போது 2028 ஜனவரி 1 வரை. ஆபத்து தெரிந்தே ஏறுகிறேன் என்று பயணி கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே இன்றைய நேர்மையான பதில்: பயணியே பொறுப்பு. இது தொடக்க நாட்களுக்குச் சரி. ஏராளமான பேரை ஏற்றத் திட்டமிடும் ஸ்டார்ஷிப் போன்ற கலத்துக்கு இது போதவே போதாது என்பது என் உறுதியான கருத்து.

நம் நீலகிரி மலை ரயிலும் தனியார் கம்பெனி தொடங்கியதுதான். முதல் கம்பெனி நொடித்துக் கலைந்தது. அடுத்த கம்பெனி 1899-ல் குன்னூர் வரை வண்டியை ஓடவிட்டது. 1903-ல் அரசு வாங்கியது. கல்லாறு தாண்டினால் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் நின்று, எஞ்சின் விசிலைக் கேட்டுத் தன் பிரேக்கைத் திருகுகிறார். குன்னூரில் எஞ்சினுக்கு அடியில் ஆள் நுழைந்து பற்சக்கரத்தின் பல் பல்லாக விளக்கடித்துப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். இவர்கள் எல்லாருக்கும் மேலே ரயில்வே பாதுகாப்பு ஆணையர் என்று ஒருவர் உண்டு. அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். ஓட்டுகிறவர் வேறு, சரி என்று சொல்கிறவர் வேறு. விண்கலத்துக்கும் எனக்கு வேண்டியது இந்த ஏற்பாடுதான். முதலாளி அரசா தனியாரா என்பது அப்புறம்.

இந்தியாவில் தனியார் விண்வெளி முயற்சிகளுக்கு அனுமதி தரும் இன்ஸ்பேஸ் என்ற அரசு அமைப்பு 2020-ல் வந்த பிறகு தனியார் ராக்கெட்டுகள் கிளம்பிவிட்டன. சென்னையின் அக்னிகுல் நிறுவனம் 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்தே சோதனை செய்தது. ஆளேற்றும் தனியார் கலத்துக்கு இன்னும் நாளாகும். அதற்குள் இந்த விதியை எழுதிவிட வேண்டும். விபத்துக்குப் பிறகு எழுதக் கூடாது.

ஸ்பேஸ்ஷிப்டூ விசாரணை அறிக்கை எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் பூட்டு பற்றிய பகுதியை மட்டுமாவது மாணவியோடு உட்கார்ந்து வாசியுங்கள். பிளஸ் ஒன் இயற்பியல் தெரிந்தவளுக்குப் புரியும்.