நாற்பதாம் பக்கத்தில் நிற்கிறேன்

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. நான் கல்கி, சுஜாதா படித்து வளர்ந்தவள். நாற்பது பக்கம் தாண்டியும் கதையைக் காணோம். மற்றவர்கள் ஆகா ஓகோ என்கிறார்கள். சுவாரசியமே இல்லாத நாவலைப் படித்துத்தான் ஆகவேண்டுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: ஆகவேண்டாம் அம்மா. பரீட்சையா எழுதப்போகிறீர்கள்?

ஆனால் அந்த நாவலில் கதையைத் தேடினால் கிடைக்காது. 1981இல் வந்த அந்தப் புத்தகத்தில் சுந்தர ராமசாமி முதல் வரியிலேயே ஆளை முடித்துவிடுகிறார். ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன், பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று இறந்துபோகிறான். அப்புறம் என்ன ஆகும் என்ற கேள்விக்கே இடமில்லை. பாலு என்பவன் அவனைப் பற்றிச் சேகரித்தவை முதலில், ஜே.ஜே.யின் நாட்குறிப்பு பிறகு. அப்படி ஒரு எழுத்தாளன் கேரளத்தில் இருந்ததே இல்லை என்பது தனி வேடிக்கை.

சுவாரசியம் இல்லை என்கிறீர்கள். பாலு ஜே.ஜே.யைச் சந்திக்கும் இடத்துக்கு வந்தீர்களா? வந்திருப்பவன் தமிழ் எழுத்தாளன் என்று தெரிந்ததும் ஜே.ஜே. விசாரிப்பது ஒன்றே ஒன்றுதான்: சிவகாமி அம்மாள் தன் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா? கல்கியைக் கரைத்துக் குடித்த உங்களுக்குச் சிரிப்பும் வரும், சுருக்கென்று கோபமும் வரும். கல்கியைத் தொடாதவருக்கு அது வெறும் கேள்வி. உங்கள் வட்டத்தில் தலையாட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது உறைத்தது என்று எனக்குச் சந்தேகம்தான்.

நானும் கல்லூரி நாட்களில் அதைப் பாதியில் மூடிவைத்தவன். சில வருடம் கழித்து நாட்குறிப்புப் பகுதியை நடுவில் திறந்து, இரவுக்கு இரண்டு பக்கம் என்று படித்தேன். அப்படித்தான் பிடிபட்டது. புரியாமல் எழுதினாலே இலக்கியம் என்கிற ஆட்களை நம்பாதீர்கள். ஐம்பது பக்கத்தில் ஒரு வரிகூட உங்களைத் தொந்தரவு செய்யவில்லை என்றால் தாராளமாக மூடிவிடலாம். தொந்தரவு செய்தால், அலுப்பாக இருந்தாலும் விடாதீர்கள். மௌனியின் 'அழியாச்சுடர்' சிறுகதை சில பக்கம்தான். 'எவற்றின் நடமாடும் நிழல்கள் நாம்?' என்று அதில் ஒரு வரி. அர்த்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பஸ்ஸுக்கு நிற்கும்போது திடீரென்று வந்து நிற்கும்.

சரி, கூட்டத்துக்குப் போங்கள். முடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள். கிடைத்த பதிலை எனக்கும் எழுதுங்கள்.