மாமியார் சொன்னார், மாத்திரையை நிறுத்திவிட்டேன்

கேள்வி: மனச்சோர்வுக்கு இரண்டு வருடமாக செர்ட்ராலின் 50 மி.கி. சாப்பிடுகிறேன். இப்போது ஏழு வாரக் கர்ப்பம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் சொன்னதால் நிறுத்திவிட்டேன். ஐந்து நாளாகத் தூக்கமில்லை. தலையைத் திருப்பினால் ஷாக் அடித்த மாதிரி இருக்கிறது. குழந்தைக்காகப் பொறுத்துக்கொள்ளலாமா டாக்டர்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். நாளைக்கே உங்கள் மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள், மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். அந்த ஷாக் மசக்கை இல்லை. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் பலருக்கும் வருவதுதான்.

என்னிடம் ஒரு பெண் எட்டாம் மாதத்தில் வந்தார். மூன்றாம் மாதமே மாத்திரையை நிறுத்தி, அட்டையை உளுந்து டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தார். கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் நின்றுபோயிருந்தது, செக்கப்பும் நின்றுபோயிருந்தது. சோறு இறங்கவில்லை, எடை ஏறவில்லை. மருந்துக்குப் பயந்த வீட்டில் நோய்க்குப் பயப்பட யாரும் இல்லை.

2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்தில் மாத்திரையை நிறுத்தியவர்களில் 100-க்கு 68 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 பேருக்கு. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே பலமுறை மனச்சோர்வு வந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, மருந்தால் ஆபத்தே இல்லையா? கொஞ்சம் உண்டு. கடைசி மாதங்களில் சாப்பிட்டால், பிறந்த குழந்தைகளில் பத்தில் மூன்றுக்கு நடுக்கமோ ஓயாத அழுகையோ இருக்கலாம். பெரும்பாலும் சில நாளில் தணிந்துவிடும். பிறந்த குழந்தையின் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடும் ஒரு கோளாறு, பொதுவாக 1000 பிரசவத்துக்கு இரண்டு என்றால் இங்கே மூன்று ஆகலாம். பாராக்ஸெடின் என்ற மாத்திரையைப் பற்றித்தான் இதயக் குறைபாடு சம்பந்தமாக 2005-ல் எச்சரிக்கை வந்தது. உங்களுடையது அதில்லை. கர்ப்பத்துக்கும் தாய்ப்பாலுக்கும் நாங்கள் முதலில் யோசிப்பதே செர்ட்ராலின்தான்.

இன்னொன்று. அட்டைகளுக்கு நடுவே வால்ப்ரோயேட் (வலிப்புக்கும் சில மனநோய்களுக்கும் தரும் மாத்திரை) இருக்கிறதா என்று பாருங்கள். அது வேறு ரகம், சிசுவின் முதுகுத்தண்டையும் மூளையையும் பாதிக்கக்கூடியது. இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் நாளை வரை காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போங்கள், அரசின் இலவச மனநல உதவி எண் 14416-க்கும் போன் செய்யலாம். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

அப்புறம், முடிந்தால் மாமியாரையும் அழைத்துப் போங்கள். நான் எழுதுவதைவிட, டாக்டர் நேரில் சொல்வதை அவர் கேட்பார்.